சவாரி மாடும் உழவு மாடும்

பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி வேறு. உழைப்பிலிருந்து ஒருநாள் ஓய்வு பெற்றுப் பந்தயத்துக்கு வரும் வண்டி வேறு. அமெரிக்காவில் 'ஸ்டொக் கார்' ஓட்டம் எனப் பெயர்பெற்ற போட்டி இரண்டாவது வகையினதாகவே தொடங்கிற்று. கடையில் விற்கப்படும் காரை, விற்கப்பட்ட நிலையிலேயே ஓட்டவேண்டும் என்பது அதன் விதி. நாஸ்கார் அமைப்பு இவ்விதியோடு நடத்திய முதலாவது ஓட்டம் 1949ஆம் ஆண்டு யூன் 19ஆம் திகதி வட கரொலைனா மாநிலத்துச் சார்லற் நகரில் இடம்பெற்றது. கிளென் டனவே என்பவர் முதலாவதாக வந்தார். பரிசோதகர்கள் அவரது போர்ட் காரை ஆராய்ந்தபோது பின்புற வில்தகடுகள் மாற்றியமைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. கள்ளச்சாராயம் கடத்துவோர் தம் கார்களிற் செய்துகொள்ளும் மாற்றம் அது. வெற்றி, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குப் போயிற்று. சாதாரணப் பொருளைக் கொண்டு வெல்ல முயலும் எவரும் அதனைச் சாதாரணமாக விட்டுவைப்பதில்லை என்பதை அந்தப் போட்டி முதல் நாளிலேயே கண்டுகொண்டது.

புத்தூர்ச் சவாரிக்காரர் எவருக்கேனும் இக்கதையைச் சொன்னால் அவர் வியப்படையமாட்டார். தம் ஊர் மாட்டுவண்டிச் சவாரியின் வரலாறும் அதுவே என்பது அவருக்குத் தெரியும்.

வலிகாமத்தின் கிழக்குப் புறத்துச் செம்மண் நிலத்திலே அமைந்த கமக்காரர் ஊர் புத்தூர். ஒருபுறம் நவக்கிரியில் வற்றாத நிலாவரைக் கிணறு. மறுபுறம் வாதரவத்தைப் பக்கமாகத் தாழ்ந்து செல்லும் உவர்வெளி. இடைப்பட்ட தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் விளைந்தது மனிதர் உழைப்பால் மட்டுமன்று. நிலத்தை உழுதது மாடு. குழையும் எருவும் ஏற்றிவந்தது மாடு. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசென்றதும் மாடு. கரத்தையிற் பாரம் இறக்கித் திரும்பும் இருவர், வெறும் வண்டியோடு தெருவில் ஒருவரையொருவர் முந்த எண்ணினால், அங்கே சவாரிக்கு வித்து விழுந்துவிடுகிறது. இதற்கு ஆதாரம் தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. கால்நடையும் அயலவனும் உள்ள எந்நாட்டிலும் இது நிகழும்.

பின்னர் வண்டி மாறியது. பாரம் சுமக்கும் கரத்தை ஒதுங்க, ஓட்டத்துக்கென்றே பாரங்குறைந்த சவாரி வண்டி வந்தது. மாடும் மாறியது. கடல்கடந்து வந்த வடக்கன் மாட்டுக்கும் அதன் வழிவந்த நாம்பன்களுக்கும் தனி மதிப்பு ஏற்பட்டது. மாடுகளைத் தரம்பிரித்து, ஏ பிரிவு, பி பிரிவு எனப் போட்டிகள் வகுக்கப்பட்டன.

சவாரி ஒன்று குறிக்கப்பட்டுவிட்டால் அதற்கு முந்திய நாட்களில் அந்த வீட்டின் ஒழுங்கே வேறாகிவிடும். பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் அளந்து வைக்கப்படுகின்றன. மனிதர் சாப்பாடு நேரம் பிந்தலாம், மாட்டின் தீன் பிந்தக்கூடாது. விடியற்புறத்தில் சோடியை நடத்திப் பழக்குவர். சோடி பொருந்துவதே இதில் உயிர்நிலை. ஒன்று விரைந்து மற்றொன்று பின்னிற்குமாயின் நுகம் கோணி, வண்டி திசைமாறிவிடும். ஆகவே தனித்தனியே சிறந்த இரு மாடுகளைக் காட்டிலும், ஒன்றின் நடையை மற்றொன்று அறிந்த இரண்டு நடுத்தர மாடுகள் மேல் என்பர் அனுபவசாலிகள். (தோற்ற சோடியின் சொந்தக்காரர் கூறும் காரணங்களைத் தொகுத்தால் அது ஒரு தனி நூலாகும்.)

இவ்வளவு பரிவோடு பேணப்படும் மாட்டுக்கு இன்று வேறு வேலை இல்லை. இருசில்லு உழவு இயந்திரம், ஊராரின் வாயில் 'லான்ட்மாஸ்டர்', தோட்டத்துக்குள் வந்தபின் ஏரும் கரத்தையும் ஓய்ந்தன. இடையில் ஒரு காலம் மட்டும் விலக்கு. 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருளுக்குத் தடை விழுந்தபோது, சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களோடு மாட்டுவண்டியும் மறுபடி தெருவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது மூட்டையும் முதியோரும் ஏற்றப்பட்ட வாகனங்களுள் அதுவும் ஒன்று. அந்தத் தேவை நீங்கியபின் நாம்பனைக் கட்டிவைத்துத் தீன்போட எஞ்சியிருக்கும் வலுவான காரணம் சவாரி ஒன்றே. உழைப்பின் விளையாட்டாகப் பிறந்தது, உழைப்பு மறைந்தபின் மாட்டின் இருப்புக்கே பிணையாக நிற்கிறது. சவாரி நின்றால் அந்த மாடு செல்லும் இடம் இறைச்சிக்கடை என்பதைச் சவாரியை வெறுப்போரும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஆயின் அந்த வாதத்தின் நிழலில் எதனையும் மறைத்துவிட முடியாது. துவரங்கேட்டி மாட்டுக்குச் சைகை காட்டும் கருவி. அதன் நுனியில் ஆணி ஏறியதும் அது வேறொன்றாகிவிடுகிறது. ஓட்டம் முடிந்து நிற்கும் மாட்டின் பின்புறத்தில் வழியும் குருதியை, கைதட்டிய கூட்டம் கண்டும் காணாததாய்க் கலைகிறது. இலங்கையில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. திடலில் அதனை நினைப்பவர் குறைவு. தமிழகத்தின் அனுபவம் அண்மையிலுள்ள பாடம். 2014 மே மாதத்தில் இந்திய உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டையும் வண்டிப் பந்தயத்தையும் ஒருசேரத் தடைசெய்தது. 2017இல் சென்னை மெரீனாக் கடற்கரையில் இளைஞர் திரண்டதன்பின் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் செல்லும் என 2023 மே மாதத்தில் அதே நீதிமன்றம் தீர்த்தது. விளையாட்டு மீண்டது, ஆனால் கட்டற்றதாக அன்று. விதிகளும் கண்காணிப்பும் அதனோடு சேர்ந்தே வந்தன.

புத்தூர்ப் பக்கத்துச் சவாரிக்கும் வேண்டியது பெரிய பொருட்செலவன்று. சார்லற் நகரில் காரை ஆராய்ந்தவர்களைப் போல, வண்டிகள் புறப்படுமுன் ஒவ்வொரு கேட்டியையும் வாங்கி நுனியைத் தடவிப் பார்க்கவும், எல்லைக்கோட்டில் மாட்டின் தோலைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். முதலாவதாக வந்த சோடி ஊர்ப் பெரியவர் ஒருவருடையதாக இருப்பினும், குருதி கண்டால் பரிசை இரண்டாவது சோடிக்குக் கொடுக்கக்கூடியவராக அவர் இருத்தல் வேண்டும். அத்தகைய ஒருவரைக் கண்டுபிடிப்பது நல்ல சோடி மாடு பிடிப்பதிலும் கடினம்.