விதை அறையில் ஒரு விருந்தாளி

டெல்டா மாவட்டத்தில் சம்பா சாகுபடி செய்யும் வீடு அது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலெங்கும் தஞ்சாவூர் கிட்டி வைத்து எலி பிடிப்பவர் அந்த விவசாயி. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் டவுன் கடையில் இரண்டு ஹாம்ஸ்டர்களை வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது, ‘‘வயல்ல அடிச்சுட்டு வீட்டுக்குள்ள வளர்க்குறதா?’’ என்று பாட்டி சத்தம் போட்டார். அப்பா, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

வந்தவை ரோபோரோவ்ஸ்கி வகை. சுருக்கமாக ‘ரோபோ’ என்பார்கள். வளர்ப்பு ஹாம்ஸ்டர்களில் மிகச் சிறியது இதுதான். உடல் நீளம் சுமார் 5 செ.மீ., எடை 20 முதல் 25 கிராம். பூர்வீகம் மங்கோலியா, வட சீனாவின் மணற்பாங்கான பாலைநிலம். ரோபோரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பயணியின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. தானியத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய்ச் சேமிக்கும். பகலில் தூங்கும்; இரவெல்லாம் ஓடும். ஆயுள் சுமார் 3 ஆண்டுகள்.

பாலைவனத்துப் பிராணிதானே, வெயிலைத் தாங்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே பகல் சூட்டுக்கு அது மண்ணுக்கடியில் வளைக்குள் போய்விடும். கூண்டில் அந்த வழி கிடையாது. 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு உகந்தது. 30-ஐத் தாண்டினால் ஆபத்து. சித்திரையில் கரன்ட் போன ஒரு மதியம், தகரக் கூரைக்குக் கீழே இருந்த கூண்டில் ஒன்று செத்துக் கிடந்தது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாங்கியவர்களும் கேட்கவில்லை.

மகள் அன்று சாப்பிடவில்லை. மிஞ்சியதை அப்பா விதை அறைக்கு மாற்றினார். எலி நுழையக்கூடாது என்று அவர் பொத்திப் பொத்திக் காக்கும் ஓட்டு அறை அது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். கம்பி இடுக்கில் நுழைந்து தப்பிவிடும் என்பதால் கண்ணாடித் தொட்டி, மேலே வலை மூடி. உள்ளே மறைந்துகொள்ள ஒரு சிரட்டை, காகிதத் துண்டுகள், புரள்வதற்குச் சுத்தமான மணல், ஓடுவதற்குச் சக்கரம். உச்சி வெயிலில் ஐஸ் உறைந்த பாட்டிலைத் துணி சுற்றித் தொட்டியை ஒட்டி வைப்பார். தினையும் சாமையும் கலந்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

இந்த வகை கைக்குப் பழகுவது கடினம்; பார்த்து ரசிக்கத்தான் ஏற்றது. வேண்டாமென்று வயலில் விடுவது மட்டும் கூடவே கூடாது.

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்ததும் பாட்டிதான் கேட்கிறார்: ‘‘ஏ பாப்பா, அதுக்குத் தண்ணி வச்சியா?’’