குரங்கு வேட்டைக்காரர்களும் எங்க அப்பாவும்



மர உச்சியில் தாவுகிற குரங்கைக் குறி பார்ப்பது எவ்வளவு கஷ்டம்! நாம் குனிந்து கல்லை எடுக்கும்போதே அது அடுத்த மரத்தில் இருக்கும். (யாரும் அடித்துப் பார்க்க வேண்டாம், பாவம்.) ஆனால் இலங்கையில், களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியான் குகையில் வாழ்ந்தவர்கள் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கையும் அணிலையும் வேட்டையாடிச் சாப்பிட்டிருக்கிறார்கள். 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் இதை அறிவித்தார்கள். அங்கே கிடைத்த எலும்பு அம்பு முனைகள் 48,000 ஆண்டு வரை பழமையானவை என்று 2020-ல் சொன்னார்கள். அதில் ஒரு வேடிக்கை. குரங்கு எலும்பிலேயே முனை செய்து குரங்கை அடித்திருக்கிறார்கள்!

இவர்களின் முன்னோர்கள் மழைக்காட்டுக்காரர்கள் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவர்கள். அப்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே தரைதான். நடந்தே போகலாம்.

நம்ம பக்கம் வந்தவர்களுக்கும் ஓர் அடையாளம் உண்டு. மதுரைக்கு மேற்கே ஜோதிமாணிக்கம் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவரின் ரத்தத்தில் எம்130 என்ற மரபணு அடையாளம் இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க விஞ்ஞானி ஸ்பென்சர் வெல்ஸும் கண்டார்கள். அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் எம்130 இருக்கிறது. ஆப்பிரிக்காவை விட்டு முதலில் கிளம்பியவர்களின் அடையாளம் இது என்றார்கள். உசிலம்பட்டி பஸ்ஸில் நம்ம பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவருக்கு ஆஸ்திரேலியாவில் சொந்தக்காரர்கள்!

போன இடத்துக்கு ஏற்ற சாமானை மனிதன் செய்துகொண்டான். தூத்துக்குடிப் பக்கம் செம்மண் தேரிகளில், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற இடங்களில், நகம் அளவுக் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. இவை குகைக்காரர்களுக்குப் பல ஆயிரம் ஆண்டு பிந்தியவை. நாம வெங்கச்சாங்கல்னு சொல்வோமே, அந்த மாதிரிக் கல்லைச் சில்லு சில்லாக உடைத்து, கம்பில் பதித்து அம்பாக்கிக்கொண்டார்கள்.

உடம்பு மாறவே இல்லை என்று சொல்ல முடியாது. நம்ம கருப்பு நிறம் வெயிலுக்குக் கவசம். வெயில் குறைந்த நாடுகளுக்குப் போனவர்களுக்கு நிறம் வெளுத்தது. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அம்பு செய்யப் பழக அவ்வளவு நாள் வேண்டாம், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்க அப்பா. எங்க வயல் பெரியாறு கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. தண்ணி வந்தா வரும், இல்லைன்னா இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பா திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தார். 42 வயசில், பதினெட்டு வயசுப் பையன்களோட ஹெல்பர் வேலை. இப்ப அயர்ன் போடுகிறார். வயலுக்குத் தண்ணி கட்டின கை அது. "கை பழகிருச்சும்மா, நின்னுக்கிட்டே இருக்குறதுதான் கால் வலிக்குது"ன்னு போனில் சொன்னார்.

அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் நாங்களும் திருப்பூர் போறோம். அப்பத்தா மட்டும் வர மாட்டேங்குது. "கோழி வளக்க ஒரு முத்தம் இல்லாத ஊருல நான் என்னத்தடி செய்வேன்?"னு கேக்குது. நான் குகைக்காரர்கள் கதையை முழுசாச் சொன்னேன். அப்பத்தா வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டுட்டு, "எல்லாஞ் சரித்தா. அம்புட்டுத் தூரம் நடந்தாகளே, அவுக வீட்டுக் கெழவிக எல்லாம் என்ன பண்ணுனாளுக?"ன்னு கேட்டுச்சு.

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பிச்சிருச்சு. அப்பத்தா சேலை இன்னும் கொடியிலதான் கிடக்கு.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி