பெயர்க் கட்டத்தில் ஒரு பட்டியல்

எங்கள் மஹல்லாவின் பைத்துல்மால் கணக்கு நெடுங்காலமாகப் பேரேடுகளில் எழுதப்பட்டு வந்தது. அதைக் கைப்பேசிச் செயலிக்கு மாற்றும் பொறுப்பை நாங்கள் நால்வர் ஏற்றுக்கொண்டோம். ரமளானின் கடைசிப் பத்தில் ஜகாத் விண்ணப்பதாரர்களின் வரிசை பள்ளிவாசல் கேட்டைத் தாண்டும். அந்நேரத்தில் ஒவ்வொரு பெயரையும் முழுமையாகத் தட்டச்சு செய்வது பெரும்பாடு. ஓரிரு எழுத்துகளைத் தட்டியதும் கீழே பட்டியல் விரிய, அதைத் தொட்டால் கட்டம் நிரம்பிவிடும் வசதி ஆண்ட்ராய்டில் தொடக்கம் முதலே இருக்கிறது. நிரல் எழுதுவோருக்கு அது சில வரி வேலை. எந்தக் கட்டத்தில் அதைச் சேர்க்கலாம், எதில் கூடாது என்பதில்தான் தராவீஹுக்குப் பிந்தைய எங்கள் இரவுகள் பல கழிந்தன.

தெருப் பெயரில் எந்தச் சிக்கலும் இல்லை. தெருக்கள் எண்ணிக்கைக்குள் அடங்குபவை. எவருடைய இரகசியமும் அல்ல. பரிந்துரை இல்லாவிட்டால்தான் தொல்லை. மேலத்தெரு, மேலத் தெரு, மேல தெரு என்று மூவர் மூன்று விதமாக எழுதினால், இயந்திரத்தின் கண்ணுக்கு அவை மூன்று தெருக்கள்.

ஆட்பெயருக்கு வந்தபோதுதான் தமிழின் இயல்பு எங்களை நிறுத்தியது. ஆண்ட்ராய்டின் அந்தக் கட்டம், வேறு எதுவும் சொல்லாவிட்டால், இரண்டு குறியீடுகள் உள்ளே வந்ததும் பட்டியலை விரிக்கும். ஆங்கிலத்தில் அது இரண்டு எழுத்து. தமிழில் 'மு' என்ற ஓர் எழுத்தே மகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ஆக, ஒரே எழுத்தில் மஹல்லாவின் முஹம்மதுகள் அனைவரும் திரையில் வந்து நிற்பார்கள். 'மொ' இன்னும் வேடிக்கையானது. அதன் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதிவாகலாம். யூனிகோடு இரண்டையும் ஏற்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு மொஹமட்களை ஒப்பிடுமுன் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் செயலி அவர்களை வெவ்வேறு ஆட்களாகக் கொள்ளும்.

எழுத்துக்கூட்டோ தனிக்கடல். முஹம்மது, முகமது, முகம்மது, முஹம்மத், ஃபாத்திமா, பாத்திமா, ஜகரிய்யா, ஸக்கரியா. ஒரே தாய் இரு வேறு எழுத்துக்கூட்டில் இரு முறை பதிவானால் உதவி இருமுறை போகும். வரிசையில் பின்னால் நிற்கும் மற்றொருவருக்குக் குறையும். ஆகவே ஹகரத்தையும் ககரத்தையும், ஃபகரத்தையும் பகரத்தையும் ஒன்றாகக் கருதித் தேடுமாறு அமைத்தோம். எழுதிக் காட்டும்போது மட்டும் அவரவர் குடும்ப அட்டையில் உள்ளபடியே. ஒருவர் பெயரைத் திருத்த நமக்கு என்ன உரிமை?

இத்தனையும் ஆன பிறகு பொருளாளர் காக்காவிடம் காட்டினோம். அவர் பேரேட்டில் எழுதும் விதம் ஊருக்கே தெரியும். முன்பே எழுதிய வரிகளின் மீது பழைய காலண்டர் அட்டை ஒன்றை வைத்து மூடிக்கொண்டுதான் அடுத்த வரியை எழுதுவார். எதிரே அமர்ந்திருக்கும் பெண்மணி, தனக்கு முன் வந்துபோனவர் யார் என்று அறியக்கூடாது என்பதற்காக. நாங்கள் 'ஆ' என்று தட்டிப் பட்டியலை விரித்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இதில் அந்த அட்டையை எங்கே வைப்பீர்கள்?"

தர்மத்தைப் பகிரங்கமாகக் கொடுப்பதும் நன்றே, மறைத்துக் கொடுப்பது அதனினும் நன்று என்பது அல்பகரா அத்தியாயம் நமக்குத் தரும் பாடம். கொடுப்பவர் பெயரை மறைப்பதைப் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். பெறுபவரின் பெயரை மறைக்கக் காக்காவுக்கு ஓர் அட்டை போதுமானதாக இருந்தது; எங்களுக்கு நிரலையே மாற்ற வேண்டியிருந்தது.

பதிவேட்டிலிருந்து பெயர்க் கட்டத்துக்கு எதுவும் வராதபடி செய்தோம். பொதுவாக வழங்கும் பெயர்களின் எழுத்துக்கூட்டுகள் மட்டுமே அங்கே பரிந்துரையாக வரும். 'ஆயிஷா' என்ற சொல் வரும். எந்த ஆயிஷா என்பது வராது. பழைய பதிவைக் காண மஹல்லா குடும்ப எண்ணை முழுமையாக இட வேண்டும். பாதி எண்ணுக்குப் பட்டியல் கிடையாது.

அப்போதும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. கைப்பேசியின் விசைப்பலகை, நாம் தட்டும் சொற்களைத் தானாகவே கற்றுக்கொள்வது. இன்று பதிவு செய்த விதவைத் தாயின் பெயரை, நாளை நம் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்போது அது நீட்டக்கூடும். கற்றுக்கொள்ளாதே என்று விசைப்பலகைக்குச் சொல்லும் குறிப்பு 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் உண்டு. ஆனால் அது வேண்டுகோளே தவிரக் கட்டளையன்று. கேட்பதும் கேளாததும் அந்தந்த விசைப்பலகையின் விருப்பம். ஆதலால் சொந்தக் கைப்பேசிகளை விலக்கி, ஜமாஅத்துக்கென்று ஒரு கைப்பேசியை ஒதுக்கினோம்.

'தேவை' என்ற கட்டத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. மருந்து, வாடகை, பள்ளிக் கட்டணம் என்று வரிசையாகக் காட்டினால் வேலை விரையும் என்கிறார் ஒருவர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நோன்புடன் வெயிலில் நிற்பவர்களை அவர் நினைக்கிறார். மற்ற மூவரும் மறுத்தோம். பட்டியலைக் கண்டால் வந்தவர் ஏதாவது ஒன்றுக்குத் தலையசைத்துவிட்டு எழுந்துவிடுவார். சொல்ல வந்தது வேறாக இருந்திருக்கும். இப்போதைக்கு அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுகிறோம். வரிசை நீள்கிறது; வராந்தாவில் கூடுதலாக நாற்காலிகள் போட்டிருக்கிறோம்.