அவசரத்துக்கு வெச்சிருக்கிற கார்

“கார் எங்க டாக்டர் ஓடுது? மார்க்கெட், கோயில், பேங்க்... அவ்வளவுதான். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் கூட தாண்டல. இதுக்கு எதுக்கு சர்வீஸ்?”

தஞ்சாவூரில் என் கிளினிக்குக்கு வரும் பெரியவர்களிடம் இந்த வசனத்தை அடிக்கடி கேட்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை எழுதும்போதே பேச்சு எப்படியோ காருக்கு வந்துவிடும். கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு வசனம் ஞாபகம் வரும். “நான் எங்கேயும் போறதில்ல டாக்டர், வீட்லயே தான் இருக்கேன். எனக்கு எதுக்கு டெஸ்ட்?”

ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதாங்க. குறைவா ஓடுறது வேற. நல்லா இருக்கிறது வேற.

டாக்டர் எதுக்கு கார் பத்தி எழுதுறார்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அய்யா. மகன் வெளிநாட்டில். வீட்டில் அய்யாவும் அம்மாவும் மட்டும். “ஆத்திர அவசரத்துக்கு ஆகும்” என்று மகன் வாங்கிக் கொடுத்த கார் போர்டிகோவில் கவர் போட்டு நின்றது. பளபளவென்று இருக்கும். ஒரு கீறல் கிடையாது.

ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு அய்யாவுக்கு நெஞ்சு வலி, உடம்பெல்லாம் வியர்வை. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்து சாவியைத் திருப்புகிறார். டிக் டிக் டிக். அவ்வளவுதான். தள்ளிப் பார்த்தார்கள். இன்னொரு காரிலிருந்து கரண்ட் எடுக்க ஒயர் தேடினார்கள். கடைசியில் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்து சேர்ந்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது.

அய்யா பிழைத்துக்கொண்டார். ஆனால் எக்கோவில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது. மாரடைப்பில் போகிற ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அதில் பேட்டரியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனா அந்தம்மா இன்னைக்கும் பேட்டரியைத்தான் சொல்றாங்க.

முதலில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, மூச்சுத் திணறல் என்றால் முதல் வேலை 108க்கு போன் பண்றது. 2008லிருந்து நம்ம மாநிலத்தில் இருக்கும் இலவச சேவை. வலி வந்தவரே ஸ்டியரிங் பிடித்து ஓட்டி வரக் கூடாது. கார் இரண்டாவது வழிதான். ஆனால் அந்த இரண்டாவது வழியும் திறந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்போ விஷயத்துக்கு வருவோம். சும்மா நிக்கிற காரும், ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடுற காரும் ஏன் கெட்டுப் போகுது?

பேட்டரி

கார் நிற்கும்போதும் முழுசாகத் தூங்குவதில்லை. அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக கரண்ட் குடிக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் ஹவர். இருபது நாளில் 14. சின்ன கார்களில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. அதாவது கிட்டத்தட்ட 40% காலி.

சரி, ஓட்டும்போது சார்ஜ் ஏறாதா? ஏறும். ஆனால் இந்த வகை பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜை உள்வாங்கும். முழுசாக நிறைய மணிக்கணக்கில் ஆகும். நீங்க ஓட்டுறது பத்து நிமிஷம். அதுலயும் ஏசி, ஹெட்லைட், ரயிலடி சிக்னல்ல அஞ்சு நிமிஷம் நின்னது. வரவைவிட செலவு ஜாஸ்தி.

இப்படி அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் தாங்காது. நம்ம ஊர் வெயில் வேற. மூன்று நான்கு வருடம் ஓடினாலே பெரிய விஷயம்.

பேட்டரிக்கும் பிரஷர் பார்க்கலாம். சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் காலையில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான். பாதி வந்துவிட்டால் மெக்கானிக்கிடம் சார்ஜ் போட்டு, லோடு டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஆயில்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்ப முடியலையா? காலையில் காரை எடுக்கும்போது சைலன்சரில் சொட்டுதே, அதுதான். பெரும்பகுதி ஆவியாக வெளியே போய்விடும். கொஞ்சம் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலில் கலக்கும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கலக்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடானால் இந்த ரெண்டும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயில் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். அதுக்குள்ள நீங்க கிளினிக் வாசல்ல காரை நிறுத்திட்டு டோக்கன் வாங்கிட்டு இருப்பீங்க.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வெளுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது. பயப்படாதீங்க. துடைத்துவிட்டு ஒரு நீண்ட பயணம் போய் வந்து பாருங்கள். திரும்ப வரவில்லை என்றால் அது வெறும் ஈரம்தான். ஆனால் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வருகிறது, வெள்ளைப் புகையும் நிற்கவில்லை என்றால் அது வேறு வியாதி. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். உடனே மெக்கானிக்.

இதனால்தான் கம்பெனி புத்தகத்தில் “இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது” என்று போட்டிருக்கிறார்கள். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறோம். அதே புத்தகத்தில் கடினமான பயன்பாடு என்று ஒரு பட்டியல் இருக்கும். மலைப் பாதை, புழுதி ரோடு எல்லாம் வரும். பெரும்பாலும் குறுகிய தூர ஓட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கும்! ஆக, மார்க்கெட்டுக்கு மட்டும் போகும் கார் சொகுசாக வாழவில்லை. கஷ்ட ஜீவனம்தான். கிலோமீட்டரை மறந்துவிட்டு வருஷம் ஒரு தடவையாவது ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க. தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டம் மட்டும்தான் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நல்லது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு 550 - 600 டிகிரி சூடு வேண்டும். சும்மா ரெண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எரிப்பு பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருக்கே என்று சந்தோஷப்படாதீங்க. கூடினாலும் ஆபத்துதான். தினசரி ஓட்டம் ஊருக்குள் மட்டும் என்றால் டீசல் கார் வாங்காமல் இருப்பதே நல்லது.

“தினமும் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுறோமே?”

நிறைய வீடுகளில் இது காலைக் கடன் மாதிரி நடக்கிறது. பலன் ரொம்பக் குறைவு. நின்ற இடத்திலேயே ஓடும் இன்ஜினில் சார்ஜ் சரியாக ஏறாது, ஆயிலும் போதுமான அளவு சூடாகாது. ஈரம் மட்டும் கூடும்.

இதில் டாக்டராக ஒரு எச்சரிக்கை. ஷட்டர் போட்ட கராஜுக்குள் இன்ஜினை ஓட விடவே விடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், அப்புறம் மரணம். இதில் யாரும் விளையாடாதீர்கள்.

அதற்குப் பதிலாக வாரம் ஒரு தடவை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல ரோட்டில் ஓட்டுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சி ரோட்டில் செங்கிப்பட்டி வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். காருக்கும் வாக்கிங், வீட்டுக்காரம்மாவுக்கும் சந்தோஷம்.

மறந்து போகிற மற்ற விஷயங்கள்

டயர்: பட்டன் தேயவில்லை என்பதால் புதுசு என்று நினைக்காதீர்கள். ரப்பருக்கும் வயசாகும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் ஆகிவிட்டால், ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால், காட்டிவிடுங்கள். காற்று மாதம் இரண்டு தடவை.

பிரேக் ஆயில்: காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

ஹேண்ட் பிரேக்: வாரக்கணக்கில் நிறுத்தினால் அது பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள்.

எலி: நிற்கும் கார் எலிக்கு வாடகை இல்லாத வீடு. ஒயரைக் கடிக்கும், ஏசி ஃபில்டரில் கூடு கட்டும். அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். எச்சத்தைக் காய்ந்தபடியே கூட்டிப் பெருக்காமல், கையுறை, மாஸ்க் போட்டு, பிளீச்சிங் கரைசலில் நனைத்து எடுங்கள். ஏசி போட்டதும் தும்மல், இளைப்பு வருகிறது என்றால் மாத்திரைக்கு முன் கேபின் ஃபில்டரைப் பாருங்கள்.

கடைசியாக, சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு.

ஊரில் அப்பா அம்மாவுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். “சுகர் பார்த்தீங்களாப்பா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்று ஞாயிற்றுக்கிழமை கேட்பீர்கள் அல்லவா? கூடவே இந்த மூணையும் கேளுங்க.

பேட்டரி எந்த வருஷம் போட்டதுப்பா?

கடைசியா ஆயில் எப்போ மாத்தினீங்க?

இந்த வாரம் அரை மணி நேரம் ஓட்டினீங்களா?

பதில் வரவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணனின் நம்பரை வாங்கி நீங்களே பேசிவிடுங்கள். அப்படியே ஃபிரிட்ஜ் கதவில் 108 என்று பெரிசா எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள்.