அருவிக்கும் போனோம், ஜல்லிக்கட்டுக்கும் போனோம்

என் சின்னையா வலது காலைச் சற்றே இழுத்துத்தான் நடப்பார். நான் சிறுமியாக இருந்தபோது ஜல்லிக்கட்டில் மாடு தொடையில் குத்திவிட்டது. மாடு பிடிக்கப் போனவர் அல்ல. சும்மா வேடிக்கை பார்க்கப் போனவர். அதற்குப் பிறகு எங்கள் பிறந்த வீட்டில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

எனக்கு வாய்த்தவரோ மதுரைக்காரர். "அலங்காநல்லூர் போகாம அது என்ன பொங்கல்?" என்பார். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டபோது, வெளியில் சொல்லாவிட்டாலும், எனக்கு உள்ளூர நிம்மதிதான். 2017-ல் போராட்டம் நடந்து, சட்டமும் வந்துவிட்டது. மறு பொங்கலுக்கு இவர், "பிள்ளைகளுக்கும் ஒரு தடவை காட்டணும். அப்படியே குட்லாடம்பட்டி அருவியில குளிச்சுட்டு வந்துரலாம்" என்று தூண்டில் போட்டார். அருவி என்றதும் பிள்ளைகள் குதித்தார்கள். நான் என்ன செய்ய?

2018 ஜனவரி 16. விடியுமுன்பே எழுந்து புளியோதரை கிளறினேன். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்தேன். மத்தியானம் புளிக்காமல் பதமாக இருக்கும். கை வேலை செய்ததே தவிர, நினைப்பெல்லாம் பத்தாவது படிக்கும் என் மகன் மேல்தான். "நானும் ஒரு நாள் மாடு பிடிப்பேன்" என்று அவன் தங்கையிடம் சொன்னது முதல் நாள் ராத்திரி என் காதில் விழுந்திருந்தது.

உறவினர் வீட்டு மொட்டை மாடியில் இடம் கிடைத்தது. முதலில் கோயில் காளை வந்தது. அதை யாரும் தொடவில்லை, கும்பிட்டு வழிவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு காளையாக வாடிவாசலிலிருந்து சீறிக்கொண்டு வந்தது. கீழே தேங்காய் நார் பரப்பியிருந்தார்கள். வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது, திமிலை மட்டும்தான் அணைக்க வேண்டுமாம். இவர் விளக்கிக்கொண்டே இருந்தார். நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் எழுந்து நின்று கை தட்டினார்!

வெயில் ஏறியதும் கிளம்பினோம். வேன் நின்ற இடத்துக்குப் போகும் வழி, களத்தைத் தாண்டி ஓடி வரும் காளைகளைப் பிடித்துக் கட்டும் இடத்தை ஒட்டிப் போனது. திடீரென்று "ஓடு, ஓடு" என்று சத்தம். ஒரு கறுத்த காளை, மூக்கில் நுரையோடு எங்களைப் பார்த்து வருகிறது. மகனைப் பிடித்து ஒரு லாரிக்குப் பின்னால் இழுத்தேன். எனக்குக் கை கால் உதறல் எடுத்துவிட்டது.

அப்போது கையில் கயிற்றோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். முப்பது வயதிருக்கும். "ஏ கருப்பா, வாடா இங்க" என்றாள், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அவ்வளவுதான். காளை நின்றது. மெதுவாக வந்து அவள் முந்தானையில் மூஞ்சியைத் துடைத்தது.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பருத்திக்கொட்டை அரைச்சு ஊத்தி வளத்ததுக்கா, அது என்னைய என்ன செய்யப் போகுது? ராத்திரி பூரா தூக்கம்தான் இல்ல. மாடும் நல்லபடியா வரணும், பிடிக்கிற பிள்ளைகளும் நல்லபடியா வீடு போகணும்னு முனியாண்டிகிட்ட வேண்டிக்கிட்டே கெடந்தேன்."

பிடிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து வேண்டியிருக்கிறாள்! வாடிப்பட்டி தாண்டும் வரை வேனில் நான் வாய் திறக்கவில்லை.

அருவி சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. தாடகை நாச்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறினோம். மழைக்காலம் முடிந்துவிட்டதால் தண்ணீர் ஒல்லியாகத்தான் விழுந்தது. ஆனாலும் என்ன சில்லிப்பு! பாறையெல்லாம் பாசி. மகன்தான் என் கையைப் பிடித்து அருவிக்கடியில் கூட்டிப் போனான். இரண்டு தடவை வழுக்கினேன், இரண்டு தடவையும் விடாமல் பிடித்துக்கொண்டான். காலையில் நான் அவன் கையைப் பிடித்திருந்த அதே இறுக்கம்.

ஈரத்தலையோடு பாறையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, சின்னையா கதையை முதன்முதலாகப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, மாடு பிடிக்கல. ஒரு கன்னுக்குட்டி வாங்கி வளக்கட்டுமா?" என்றான்.

இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையைப் பார்த்தார். எங்களுடையதோ இரண்டு ரூம் வாடகை வீடு. பருத்திக்கொட்டை அரைப்பது யார் என்பதும் எனக்குத் தெரியாதா என்ன?

"முதல்ல தயிர்சாதத்தைச் சாப்பிடு" என்றேன்.