மேலாக நாலு படி

பூண்டி மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நெல்லில் நான் கள்ளத்தனம் செய்தேன். 2025 குறுவையில் நடந்தது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அறுப்பு முடிந்தால் ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து போடுகிறேன் என்று வேண்டியிருந்தேன். முடிந்தது. கொள்முதல் நிலையத்தில் எடையும் போட்டாயிற்று. களத்தில், தார்ப்பாய்க் கிழிசல் வழியே நனைந்துபோன ஒரு மூலை மட்டும் மிஞ்சிக் கிடந்தது. வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. மோந்தால் புளித்த வாடை. அதை அள்ளிச் சாக்கில் போட்டு, மேலாக நாலு படி நல்ல நெல்லைப் பரப்பித் தைத்தேன்.

அப்போது குவிண்டால் 2,500 ரூபாய், 40 கிலோ மூட்டைக்கு ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காகத்தான்.

"நாம திங்காததையா மாதாவுக்குக் கொடுக்குறீங்க?" என்று வீட்டில் கேட்டாள்.

"அது என்ன கையை விட்டா பாக்கப் போவுது?" என்றேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. இந்தப் பக்கத்தில் நேர்த்திக்கடனுக்கு அதெல்லாம் கணக்கில்லை. பூண்டி கொள்ளிடக்கரையில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயில், 1999-இல் பசிலிக்கா ஆயிற்று. பரமார்த்த குருவுக்கு மட்டி, மடையன் என்று சீடர்களைப் படைத்த மனிதர், என்னைப் போன்ற கெட்டிக்காரனையும் எங்காவது பார்த்திருப்பார்.

கொள்முதல் நிலையத்தில் குவியலின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து மெஷினில் போடுவார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். அந்த மழையில் 22 வரை எடுக்கச் சொல்லி மறியலில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். பூண்டியில் கோயில்பிள்ளை மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை. "இந்தத் தடவை தேறிச்சாய்யா?" என்று கேட்டுவிட்டு ஓரமாக நகர்த்தி வைத்தார்.

எங்கள் எல்லைக் கருப்பு கையில் அரிவாளோடு நிற்கிறார். அவருக்கு விட்ட கிடா கொஞ்சம் நொண்டினாலும் பயந்துபோய் வேறு கிடா பிடித்துக் கட்டுவேன். மாதா ஒன்றும் செய்ய மாட்டாள் என்ற தைரியம்தான் எனக்கு.

சம்பா இப்போது கதிர் வாங்கி நிற்கிறது. போன வாரம் வானம் கருத்தபோது, வாய் தானாக மறுபடியும் ஒரு மூட்டை பேசிவிட்டது.