தலை முக்கோணமா?

சென்னை கொளத்தூரில் புழுவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வண்ண மீன் குஞ்சுகளுக்கு இரையாகும் டியூபிஃபெக்ஸ், சேற்றிலிருந்து அலசி எடுத்த மெல்லிய சிவப்புப் புழு. உயிரோடு நெளிந்தால்தான் விலை போகும். அதே ஊரின் பின்தெரு ஒன்றில், மாடி அறையில், தொட்டிக்குள் ஒரு வெள்ளைப் புழுவைக் கண்டாலே வேலையை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். அவர்கள் வளர்ப்பது மீன் அல்ல, ஷ்ரிம்ப்.

குழம்பு வைக்கும் இறாலை நினைத்துக்கொள்ள வேண்டாம். செர்ரி ஷ்ரிம்ப் முழுதாக வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டர்தான். நியோகாரிடினா டேவிடி என்பது அறிவியல் பெயர். சீனா, தைவான் பக்கத்து ஓடைகளில் பழுப்பு நிறத்தில், கண்ணுக்குத் தட்டுப்படாமல் மேய்ந்துகொண்டிருக்கும் நன்னீர் இறால் இனம். நிறம் தூக்கலாக இருப்பதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துத்தான் இன்றைய சிவப்பும் மஞ்சளும் நீலமும் வந்தன. பொறுக்குவதை விட்டுவிட்டால் சில தலைமுறைகளில் பழுப்பு திரும்பிவிடும். ஆகவே இந்தத் தொழிலில் பாதி வேலை கண்ணுக்குத்தான். அதற்குச் சம்பளம் வாங்குகிறவர் நாற்பது வயதைக் கடந்த ஓர் அக்கா. கடைக்காரர் உட்பட எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிடுகிறார்கள்.

இரும்புச் சட்டத்தில் இரண்டு அடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், ஒரு கொத்துப் பாசி, ஊறிக் கறுத்த நாட்டு வாதாம் இலை இரண்டு. தெருவோர மரத்திலிருந்து விழுந்ததைப் பொறுக்கிக் காயவைத்துப் போடுகிறார்கள். இலைமேல் படியும் வழுவழுப்பைக் குட்டிகள் நாள் முழுக்கச் சுரண்டித் தின்னும்.

"லைட்டை அணைச்சு ஒரு மணி நேரம் ஆவட்டும் சார். வெளிச்சத்துல அது வராது" என்றார் அக்கா. காத்திருந்தோம். பிறகு டார்ச்சோடு முதல் தொட்டிக்குப் போனார். முடியளவு மெல்லிய வெள்ளை இழைகள் நடுத்தண்ணீரில் வளைந்து வளைந்து துள்ளிக்கொண்டிருந்தன. எனக்கு அருவருப்பாக இருந்தது. அக்கா அசையவில்லை.

"இது ஒண்ணும் பண்ணாது. தீனி மிச்சமாயிருக்குன்னு அர்த்தம். மண்ணுல இருக்குறது, மூச்சு முட்டினா மேல வரும்."

மண்புழுவின் தூரத்துச் சொந்தம் அது. கழிவைத் தின்று வாழ்கிறது. வாங்கிப்போனவர்கள் இதைப் பார்த்துப் பயந்து மருந்தைக் கொட்டித் தொட்டியைக் கெடுத்துக்கொள்வது வாடிக்கை என்றார்.

மூன்றாவது தொட்டியில் டார்ச் நின்றது. கண்ணாடியில் ஒட்டியபடி, நெளியாமல், துள்ளாமல், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்று வழுக்கிக்கொண்டே போனது. "தலையப் பாருங்க. முக்கோணமா இருக்கா? ரெண்டு கண்ணு, மாறுகண்ணு மாதிரி?" இருந்தது. பிளனேரியா. தட்டைப்புழு வகை. வயிற்றுப்புறம் இருக்கும் நுண்ணிய மயிர்களால் தவழ்வதால்தான் அந்த வழுக்கல். வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில். அங்கிருந்து ஒரு குழாயை நீட்டி இரையை உறிஞ்சும். வளர்ந்த ஷ்ரிம்ப் பெரும்பாலும் தப்பிவிடும். ஓடு உரித்து மெத்தென்று கிடப்பதும், இரண்டு மில்லிமீட்டர் குட்டிகளும்தான் மாட்டிக்கொள்கின்றன.

புழு கண்ணில் படுவதற்கு முன்பே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். "முட்டை சுமக்குறது நாலஞ்சு இருக்கும். பொரிச்ச நாளும் கடந்திருக்கும். குட்டி மட்டும் காணோம்னா, அப்ப டார்ச்ச எடுப்பேன்."

கண்ணாடியில் விரலால் நசுக்கிவிடலாமே என்று தோன்றும். அந்த அறையில் அதற்குக் கண்டிப்பான தடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் இந்தப் புழுக்களை நறுக்கி நறுக்கிப் பார்த்தார். உடலின் 279-இல் ஒரு பங்கு அளவுத் துண்டும் முழுப் புழுவாக வளரக்கூடும் என்பது அவருடைய கணக்கு. அக்கா மார்கனைக் கேள்விப்பட்டதில்லை. ஊசியில்லாத சிரிஞ்சால் முழுசாக உறிஞ்சி உப்புத்தண்ணீர் டப்பாவில் விடுகிறார். இரவில் இறால் துண்டு வைத்த கண்ணாடிக் குழாயைப் பொறியாக இறக்குகிறார். எண்ணிக்கை குறையும், ஒழியாது.

ஒழிக்க மருந்துதான். இரண்டு உண்டு. ஒன்று ஃபென்பென்டசோல், நாய்க்கும் மாட்டுக்கும் கொடுக்கும் குடற்புழு மருந்து. புழுவின் செல்லில் இருக்கும் டியூபுலின் புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும். சரியான அளவில் ஷ்ரிம்பை ஒன்றும் செய்யாது. நகைக்கடைத் தராசு போன்ற குட்டித் தராசில் மில்லிகிராம் பார்த்து நிறுக்கிறார்கள். தண்ணீரில் எளிதில் கரையாததால் பாட்டிலில் போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்குகிறார்கள். இன்னொன்று எனக்கு ஆச்சரியம். நோ பிளனேரியா என்று விற்கிற பொடி. அதிலிருப்பது பாக்குமரச் சாறு. பாக்கிலிருக்கும் அரிகோலினை ஒரு காலத்தில் கால்நடை மருத்துவர்கள் நாய்களின் நாடாப்புழுவுக்குக் கொடுத்தார்கள் என்பதால், இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல.

கடைத்தெருவில் கொட்டைப்பாக்கு கிடைக்கிறதே, ஊறவைத்து ஊற்றினால் ஆகாதா என்று கேட்டேன். அக்கா சிரித்தார். "ஒரு கொட்டைல எவ்ளோ சத்து இருக்குன்னு யாருக்கு சார் தெரியும்? புழு சாவுறதுக்குள்ள ஷ்ரிம்ப் செத்துடும்."

இரண்டுமே நத்தைகளுக்கு ஆபத்து. அவற்றை முதலிலேயே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். மீன் கடைகளில் கிடைக்கும் சில பழைய மருந்துகளில் செம்பு இருக்கும். அதை இந்த அறைக்குள்ளேயே கொண்டுவர விடுவதில்லை. ஷ்ரிம்பின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே செம்புதான். ஆனாலும் தண்ணீரில் கொஞ்சம் கூடினால் கூண்டோடு சாகும்.

மருந்தைவிட மறுநாள் காலைதான் கஷ்டம் என்றார்கள். செத்த புழுக்கள் அழுகி அம்மோனியா ஏறும். உடனே தண்ணீர் மாற்ற வேண்டும், ஆனால் ஒரேயடியாக மாற்றவும் கூடாது. உப்பளவு சட்டென்று மாறினால் ஓடு உரிப்பது கோணலாகி ஷ்ரிம்ப் செத்துவிடும். போர் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் கலந்து டிடிஎஸ் மீட்டரில் ஒத்துப் பார்த்து, காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார் அக்கா. முடிச்சின் இறுக்கம்தான் வேகம். அரைநாள் வேலை அது.

கடைக்காரருக்கும் அக்காவுக்கும் ஓயாத சண்டை தீனி விஷயத்தில். அவருக்குச் சீக்கிரம் வளர வேண்டும், விற்க வேண்டும். அக்கா ஒரு சிட்டிகைக்குமேல் போட மாட்டார், இரண்டு மணி நேரத்தில் மிச்சமிருந்தால் எடுத்தும் விடுவார். மிச்சத் தீனி இருக்கும்வரை புழு பெருகிக்கொண்டேதான் இருக்கும், எந்த மருந்து போட்டாலும். நான் அக்கா பக்கம். கடைக்காரர் முன்னால் சொல்லவில்லை.

கிளம்பும் நேரத்தில் பெரம்பூரிலிருந்து ஒரு பையன் பாட்டிலில் தன் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தான். புழு மருந்து வேண்டும் என்றான். கடைக்காரர் அலமாரி பக்கம் திரும்பிவிட்டார். அக்கா பாட்டிலை டார்ச்சில் பிடித்துப் பார்த்தார். "நெளியுது, தலை இல்ல. மருந்து வேணாம் தம்பி. நாலு நாள் தீனிய நிறுத்து, அடிமண்ண உறிஞ்சி எடு."

பையனுக்கு அரைமனசு. வந்ததற்கு ஒரு கொத்துப் பாசியாவது கொடுங்கள் என்று மூன்றாவது தொட்டியைக் காட்டினான், அதில்தான் அடர்த்தியாக இருந்தது. கடைக்காரர் விலை சொன்னார்.

"அதுல கை வைக்காதீங்க" என்றார் அக்கா, இருவரையும் பார்த்து. "மருந்து முடிஞ்சு, குட்டி நிக்குதான்னு பார்த்தப்புறம்தான் அந்தத் தொட்டிப் பாசி வெளிய போவும்."